ஏலத்தன்று எல்லோரும் சிரித்தோம்

மகனே,

உன்னிடம் பேச வேண்டுமென்றால் இப்போது முதலில் உன் உதவியாளரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. போன வாரம் நான் கூப்பிட்டபோது அந்தப் பெண்பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. "சார் மீட்டிங்ல இருக்கார் மேடம். என்ன விஷயம்னு சொன்னீங்கன்னா நோட் பண்ணிக்கிறேன்" என்றது. "சாருக்க அம்மையாக்கும் பேசுது. விஷயம் சாருக்குத் தெரியும்" என்றேன். அது குறித்து வைத்திருக்கும். நீதான் திருப்பிக் கூப்பிடவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை உன் விலாசத்துக்கு அனுப்பாமல் ஊரார் வாங்கிப் படிக்கும் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். தனியாகச் சொன்னால் உன் காதில் ஏறாது. நாலு பேர் பார்க்கச் சொன்னால் அன்றைக்கே உன் மேசைக்கு வந்துவிடும். உன் தொழிலில் இந்த ஒரு சூட்சுமத்தையாவது நான் கற்றுக்கொண்டேன்.

நம் ஊர் முக்கில் உனக்கு ஒரு பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். கட்சியின் தகவல் தொடர்பு இயக்குநராக உயர்ந்திருக்கும் எங்கள் மண்ணின் மைந்தரே வருக, என்று எழுதி, நீ கன்னத்தில் விரலை வைத்து யோசிப்பது போல ஒரு படமும் போட்டிருக்கிறார்கள். குலசேகரத்துக்குப் போகிற பஸ்ஸில் இருப்பவர்களெல்லாம் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பெற்றவளுக்குப் பெருமையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிளெக்ஸை எதில் கட்டியிருக்கிறார்கள் தெரியுமா? வைகுண்டமணி அண்ணனின் வாழைக்குலைக் கடை ஷட்டரில். கடை பூட்டிக் கிடக்கிறது, வசதியாகப் போயிற்று. அறுப்பின் பண்டிகைக்கு உன்னை அழைத்துப் பொன்னாடை போர்த்துவது என்றும், கோயிலுக்குச் சொந்தமான அந்தக் கடையறையை வைகுண்டமணி காலி செய்ய வேண்டும் என்றும் சபைக் கமிட்டி ஒரே கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போட்டிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் நீ. இதைப் படித்துவிட்டு அடுத்த ஃபைலைப் புரட்ட உன்னால் முடியுமென்றால், உன்னை வளர்த்ததில் என்ன கோளாறு என்று நான் தேடிக்கொண்டிருக்க மாட்டேன். கோளாறு உன்னுடையது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. உன் கோளாறையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பு கிடையாது.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஏலம் நடக்கும். சேனை, காய்ச்சில் கிழங்கு, பலாப்பழம், கோழி, ரப்பர் ஷீட், புதுப் பானை என்று அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து படைத்ததையெல்லாம் ஏலம் விடுவோம். ஒரு பொருளை ஏலத்தில் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்பதில்லை. திரும்பக் கோயிலுக்கே கொடுத்து மறு ஏலம் போடச் சொல்லலாம். அப்படி ஒரே குலையை மூன்று நான்கு பேர் மாறி மாறி எடுப்பார்கள், திரும்பக் கொடுப்பார்கள். யாருக்கும் குலை வேண்டாம். ஒருத்தரை ஒருத்தர் உசுப்பேற்றி, கேலி பண்ணி, வாய்ச்சண்டை போட்டு விலையை ஏற்றுவதில்தான் ருசி. அன்றைக்கு வாயில் வருகிற எதற்கும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஊரில் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்க்காமல் எல்லோரும் வருவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்து மைதானத்தில் கத்தித் தேறிய தொண்டை என்பதால் ஏலம் கூவுவது என் பொறுப்பு.

வைகுண்டமணி அண்ணன் அய்யாவழிக்காரர். தலைப்பாகையும் நெற்றியில் நாமமும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. பண்டிகைக்கு வாசலில் கட்டுகிற ஏத்தன் வாழைக்குலை அவர் கடையிலிருந்துதான் வரும். ஏலத்துக்கு வந்தால் முன்வரிசையில் உட்காருவார். அவருக்கும் உன் அப்பாவுக்கும் ஒவ்வொரு வருடமும் ஒரு குலையை வைத்துப் பெரிய போர் நடக்கும். அவர்கள் கும்பிடுகிற தாங்கலில் திருவிழா என்றால் உன் அப்பா போய்ப் பந்தியில் பரிமாறிவிட்டுத்தான் வருவார். நீ பேசக் கற்றுக்கொண்டபோது அப்பா என்று சொல்வதற்கு முன் மணி மாமா என்றுதான் சொன்னாய், ஏனென்றால் கையில் பழம் வைத்துக்கொண்டு வந்தவர் அவர். இதையெல்லாம் உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியிருப்பதே எனக்கு அவமானமாக இருக்கிறது.

போன பண்டிகைக்கு நீ லீவு போட்டு வந்திருந்தாய். மதில்மேல் உட்கார்ந்து போனில் படம் எடுத்தாய். மணி அண்ணன் உன்னைப் பார்த்து, "மக்கா, நல்லா எடு கேட்டியா, மெட்ராஸ்காரங்க எல்லாம் பாக்கட்டு" என்று தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். குலை மூன்றாவது முறையாக ஏலத்துக்கு வந்தது. உன் அப்பா விலையை ஏற்றினார். மணி அண்ணன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, கையை ஓங்கி, "குலை என்ன ஓய் குலை! இந்தக் கோயிலயே ஏலத்துல எடுத்துருவேன், எவன் தடுப்பான்னு பாப்போம்!" என்று கத்தினார். நான் மேசையில் அடித்து, "எடுத்துக்கிடும் அண்ணே! கூரை ஒழுகுது, மழைக்கு முன்ன ஓடு மாத்தித் தாரும்!" என்றேன். போதகர் உட்பட வளாகமே சிரித்தது. சில பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். மணி அண்ணன் "அம்மாடி, அது நம்மளால ஆவாது" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். குலை உன் அப்பாவுக்குப் போயிற்று. மறுநாள் அதில்தான் நான் உனக்கு உப்பேரி வறுத்துக் கட்டிக் கொடுத்தேன். நீயும் ரயிலில் தின்றுகொண்டே போயிருப்பாய்.

பிறகு தேர்தல் வந்தது. ஒருநாள் பெண்கள் சங்கத்தில் ஒருத்தி தன் போனை நீட்டினாள். பயங்கரமான ஒரு இசை. மணி அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு, இந்தக் கோயிலையே எடுத்துருவேன், எவன் தடுப்பான் என்கிறார். படம் அங்கேயே நின்றுவிடுகிறது. அவர் நெற்றி நாமத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். வழிபாட்டுத் தலத்துக்குள் புகுந்து மிரட்டல், நாளை உங்கள் ஊரிலும் நடக்கலாம், எங்களை ஆதரியுங்கள் என்று எழுத்து. நான் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு, இதற்கப்புறம் என் குரல் வருமே, வருமே என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஓடியது. மதில்மேல் இருந்து எடுத்த படம் அது. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மட்டும் நீ போனை எடுத்தாய். நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை.

"அது நான் போடல அம்மா. கீழ ஒரு டீம் உண்டு, அவங்க போட்டது."

"வீடியோ ஒனக்க போன்ல உள்ளதுல்லா?"

"குடுத்தது நான்தான். வெஸ்ட் தாலுகாவுக்கு ஒரு மெட்டீரியல் வேணும்னு கேட்டாங்க."

"மணி மாமாவா மெட்டீரியல்?"

"அம்மா, அதுல பொய் ஒண்ணும் இல்ல. அவரு சொன்னதுதானே? நாங்க ஒரு வார்த்த சேக்கல. எலக்‌ஷன் முடியட்டும், எடுத்திரலாம். இப்ப நல்லா போயிட்டிருக்கு."

நல்லா போயிட்டிருக்கு! வியாபாரி சரக்கைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாய். ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, சரிதான். நீ சேர்க்கவில்லை, எடுத்துவிட்டாய். என் பதிலை எடுத்தாய், ஊரின் சிரிப்பை எடுத்தாய், அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை எடுத்தாய். பெற்ற தாயின் குரல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்த வேண்டும் என்று யாருக்கோ சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

இந்த வேலை இப்படித்தான் என்று சொல்லாதே. நீ இந்த வேலைக்கு வந்த வழி எனக்குத் தெரியும். டிவி நிருபராக இருந்தபோது, புயலுக்குப் பிறகு நம் கடற்கரையில் போய் நின்றாய். கடலுக்குப் போன புருஷன் திரும்பாத ஒரு பெண்ணின் முன்னால் மைக்கை நீட்டினாய். அவள் ஒன்றும் பேசவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ மைக்கை எடுக்கவில்லை. பேசாமல் இருப்பதை யார் பார்ப்பார்கள், வெட்டு என்று ஆபீஸில் சொன்னார்கள் என்றும், அந்த அம்மா பேசாமல் இருப்பதுதான் செய்தி என்று நீ சண்டை போட்டாய் என்றும் வீட்டுக்கு வந்து சொன்னாய். அது அப்படியே ஒளிபரப்பானது. உன் அப்பா அன்றைக்கு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். எதை வெட்டக் கூடாது என்று தெரிந்த பிள்ளை என்று நான் உன்னைப் பற்றி எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

அந்தக் கடற்கரைப் படத்தைப் பார்த்துத்தான் கட்சியில் உன்னைக் கூப்பிட்டார்கள். முதலில் வேட்பாளருக்கு மேடைப் பேச்சு எழுதினாய். பிறகு தலைவருக்கு எழுதினாய். அவர் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் காருக்குள் ஏற வேண்டும் என்பது வரை உன் பொறுப்பாயிற்று. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "அதென்ன வேலைடா, தலைவரு என்ன பேசணும்னு தீர்மானிக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லம்மா, ஜனங்க எதப் பேசிட்டு இருக்கணும்னு தீர்மானிக்கிறது" என்றாய். எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. அந்த ஜனங்களில் நம் முக்கும், நம் கோயிலும், உன் மணி மாமாவும் அடக்கம் என்று அப்போது யார் நினைத்தது.

நீ ஜனங்கள் பேச வேண்டும் என்று தீர்மானித்ததை இங்கே எப்படிப் பேசினார்கள் என்று கேள். வெளியூர்க்காரர்கள் நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த வளாகத்தில் என் கண்முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களே, "டீச்சர், அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்து கேட்டீங்களா, வெளிய காட்டல" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. திரும்பத் திரும்பப் பார்த்து, அவர்கள் ஞாபகத்திலேயே அந்தப் படம் உட்கார்ந்துவிட்டது. பைக்கில் வந்த இரண்டு பேர் பட்டப்பகலில் கடையில் தொங்கிய குலைகளை அறுத்து ரோட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். கூடி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் உங்களுக்கு எதிர்க் கட்சி ஆள்கள் மணி அண்ணனைத் தேடி வந்தார்கள். புகார் கொடுங்கள், நாங்கள் இருக்கிறோம், மேடையில் வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். "எனக்க வாயில இருந்து வந்தத ஒருத்தன் எடுத்துட்டுப் போனது போதும். இனி ஒங்க வார்த்தைய எனக்க வாயில வைக்காண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். படித்துப் பட்டம் வாங்கி அறிக்கை எழுதுகிற உனக்கு இந்த வெட்கம் எங்கே போயிற்று?

உன் அப்பா முக்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். பால் வாங்கப் போனால் கூட ரப்பர் தோட்டம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். ஏன் இப்படி என்று கேட்டால், "அவனுக்க முகத்துல நான் எப்படி முழிக்கது?" என்கிறார். இத்தனை வருடமும் வாய்ச்சண்டை போட ஒரு ஆள் இருந்தார், அதுவும் போயிற்று. இப்போது என்னிடம் சண்டை போடக் கூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். தேர்தல் முடிந்துவிட்டது. எடுத்திரலாம் என்றாயே, எடுத்தாயா? உங்கள் பக்கத்திலிருந்து எடுத்திருக்கலாம். இங்கே ஒவ்வொரு போனிலும் இருக்கிறது. அதை எடுக்க உன் டீமில் ஆள் இருக்கிறதா?

கமிட்டிக் கூட்டத்துக்கு யாரும் அழைக்காமலே நான் போனேன். இப்படி நடந்தது, முழுப் படம் என் மகனிடம் இருக்கிறது, வெட்டிக் கொடுத்தது அவன்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். செயலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டீச்சர், நம்ம பையனுக்கு மரியாத பண்ணப் போறோம். ஒங்க வீட்டுக் காரியத்த ஏன் இதுல இழுக்கிய? அவரு அந்த வார்த்த சொன்னாரா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். நீ கேட்ட அதே கேள்வி. "சொன்னாரு. நான் பதில் சொன்னேன். நீரும் சிரிச்சீரு" என்றேன். "நானா? எனக்கு ஓர்மை இல்ல டீச்சர்" என்றார். தீர்மானத்தை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன், இனி ஏலம் கூவ வேறு தொண்டையைத் தேடிக்கொள்ளுங்கள் என்று. உனக்குப் பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் நான் அந்த வளாகத்தில் இருக்க மாட்டேன். உன் அப்பாவும் வர மாட்டார். கேமராவில் காலி நாற்காலி தெரியாமல் எப்படிக் கோணம் வைப்பது என்று உனக்குத்தான் தெரியுமே.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லப்போவதில்லை. மற்றவர்களுக்காகப் பேசித் தருகிற வேலை கேவலமான வேலை இல்லை. பேசத் தெரியாத சனங்களுக்கு ஒருத்தன் வேண்டும், தலைவனுக்கும் ஒருத்தன் வேண்டும். எதிராளி பேசியதைப் பிடித்து அடி, கூட்டத்தில் கிழி, அதெல்லாம் அரசியல். ஆனால் உன்னை நம்பி, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, மக்கா நல்லா எடு என்று உன் முன்னால் நின்றவனை எடுத்து, அவன் ஊருக்கே அவனைப் பேயாகக் காட்டுவதற்குப் பெயர் அரசியல் இல்லை. அதற்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன், பத்திரிகையில் போட மாட்டார்கள். உனக்குக் கீழே ஒரு டீம் இருக்கிறது என்றாய். அந்தச் சின்னப் பிள்ளைகள் உன்னைப் பார்த்துத்தான் கத்தரியைப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எங்கே வெட்டுகிறோம் என்பதோடு, யாருடைய பேச்சில் வெட்டுகிறோம், அந்த ஆள் நாளைக் காலையில் எந்தக் கடையைத் திறக்க வேண்டியவர் என்பதையும் கேட்கச் சொல். நீயும் கேட்டுக்கொள்.

முந்தாநாள் மணி அண்ணன் வீட்டுக்குப் போனேன். கமிட்டி நோட்டீஸ் வருவதற்கு முன்னாலேயே கடையைக் காலி செய்து, குலை தொங்கவிடும் கயிறுகளையெல்லாம் அவிழ்த்துச் சுருட்டி முற்றத்தில் வைத்திருந்தார். தலைப்பாகை இல்லை. கேட்டதற்கு, வெளியே போவதில்லையே என்றார். அவர் மனைவி எனக்குக் கட்டன் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் பெயரை எடுத்து நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நான் சொன்னதைக் காதிலேயே வாங்காமல் தன் போனை எடுத்து, அந்தப் படத்தை ஓடவிட்டு, என்னிடம் காட்டினார்.

"டீச்சர், நான் இத எத்தன தடவ பாத்தாச்சு தெரியுமா? பாக்கப் பாக்க எனக்கே பயமா இருக்கு. இந்த ஆளு முகத்தப் பாருங்க. நான் அன்னைக்குத் தமாசுக்குத்தானே சொன்னேன்? இல்ல, நெசமாவே எனக்க மனசுல அப்படி ஏதாம் கெடந்துச்சா?"

ஒரு மனிதன் தன் வாயால் சொன்ன கேலியை, தன் மனசையே, உன் படத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிறான். கடை போனது, வியாபாரம் போனது, அதையெல்லாம் எப்படியாவது ஈடுகட்டலாம். இதை எதைக் கொண்டு ஈடுகட்டுவாய்?

"தமாசுதான் அண்ணே" என்றேன். "நீரு சொன்னீரு, ஓடு மாத்தித் தாரும்னு நான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சோம். நீரும் சிரிச்சீரு."

"சிரிச்சோமா?"

"சிரிச்சோம் அண்ணே. கோயிலே சிரிச்சு."

அவர் போனை அணைத்துப் பக்கத்தில் வைத்தார். முற்றத்தில் கிடந்த ஒரு கயிற்றுச் சுருளை இழுத்து மறுபடி இறுக்கிக் கட்டினார். பிறகு, குரலில் கோபமே இல்லாமல், என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னார்: "நீங்க அவனுக்க அம்மைல்லா டீச்சர். நீங்க அப்படித்தான் சொல்லுவிய."

மகனே, நான் சொல்வதை அவர் நம்பவில்லை. மீதியை அவருக்கு அனுப்பு.

உன் அம்மா